ரிசல்ட் அப்புறம் போடுங்க, நாளைக்கு எந்த டென்னிஸ் கோர்ட்ல யாருன்னு முதல்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர கடைசிப் பக்கத்துலேந்து படிக்கிற கேஸ் நான், ஸ்போர்ட்ஸ் முடிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம், அதனால கொஞ்சம் உரிமையோடயே எழுதுறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க. கேக்க வந்தது ஒரே விஷயம்தான். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல டென்னிஸ் டோர்னமென்ட் நடக்குற வாரம் முழுக்க, அடுத்த நாள் எந்த கோர்ட்ல யாருக்கும் யாருக்கும் மேட்ச், முதல் மேட்ச் எத்தன மணிக்கு, கேட் எப்ப திறப்பாங்க, டிக்கெட் எங்க கிடைக்கும், இத ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போடுங்க. அவ்ளோதான். சினிமா தியேட்டர் ஷோ டைம் எல்லாம் ஒரு காலத்துல பேப்பர்ல போட்டுட்டு இருந்தீங்கல்ல, அந்த அளவு இடம் போதும்.

2025 சென்னை ஓபன் முடிஞ்ச மறுநாள் இந்தோனேசியாவோட ஜேனிஸ் ஜென் கோப்பைய தூக்கிட்டு நிக்கிற போட்டோ வந்துச்சு, சந்தோஷம். ஃபைனல்ல ஆஸ்திரேலியாக்காரி கிம்பர்லி பிரெல்ல 6-4, 6-3ன்னு ஜெயிச்சிருந்தா, 2002க்கு அப்புறம் ஒரு இந்தோனேசியப் பொண்ணு டபிள்யூடிஏங்கிற உலகப் பெண்கள் டென்னிஸ்ல சிங்கிள்ஸ் பட்டம் வாங்கினது அதுதான் முதல் தடவை. ஆனா அதே பொண்ணு அந்த வாரம் முழுக்க இங்கதான் சார் ஆடிட்டு இருந்தா, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் யூஎஸ் ஓபன்ல குவாலிஃபையரா, அதாவது தகுதிச் சுற்று ஆடி ஜெயிச்சு, உள்ள வந்து முதல் ரவுண்டுல தரவரிசைல முன்னாடி இருந்த சீடு பிளேயர் ஒருத்திய தோற்கடிச்சிருந்தா. நம்ம ஊர்ல பாதி பேருக்கு அவ பேர் தெரிஞ்சதே அவ ஊருக்குக் கிளம்பின அப்புறம்தான். போட்டோவ பாத்துட்டு எங்க காலனில ஒருத்தர் கேக்குறாரு, ஓ இந்த மாதிரி ஒண்ணு இங்க நடந்துச்சான்னு. அவர் வீட்டுலேந்து நுங்கம்பாக்கத்துக்கு லோக்கல் ட்ரெயின்ல அரை மணி நேரம்.

இதுக்கு பேப்பர் ஏன் வேணும், போன்லயே பாக்கலாமேன்னு கேப்பீங்க. பாக்கலாம், எங்க தேடணும்னு தெரிஞ்சவங்க பாப்பாங்க. கிரிக்கெட் மாதிரி இது ஏழரைக்கு ஆரம்பம்னா ஏழரைக்கு ஆரம்பம்னு இருக்குற ஆட்டம் இல்ல. ஒரு கோர்ட்ல முதல் மேட்சுக்குத்தான் டைம், ரெண்டாவது மேட்ச் முதல் மேட்ச் முடிஞ்ச அப்புறம், மூணாவது ரெண்டாவது முடிஞ்ச அப்புறம், நடுவுல ஒண்ணுக்கு மட்டும் "ஆறு மணிக்கு முன்னாடி கிடையாது"ன்னு ஒரு குறிப்பு இருக்கும். அந்த லிஸ்ட்டுக்குப் பேருதான் ஆர்டர் ஆஃப் ப்ளே, முந்தின நாள் சாயங்காலமே வந்துடும், உங்க எடிஷன் பிரிண்ட்டுக்கு போறதுக்கு முன்னாடியே கைல இருக்கும். இது புரியாம அஞ்சு மணிக்கு இந்தியப் பொண்ணு மேட்ச்னு யாரோ சொன்னத நம்பி குடும்பத்தோட வந்து, உள்ள யாரோ ரெண்டு பேரு மூணாவது செட் ஆடிட்டு இருக்கிறத பாத்துட்டு, பசங்க பசிக்குதுன்னு நச்சரிக்க, கடைசில அவங்க பாக்க வந்த மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துல ஆட்டோ புடிச்சு கிளம்பிப் போனவங்கள நானே பாத்திருக்கேன்.

மூணு செட் மேட்ச்னா ஒரு மணி நேரத்துலயும் முடியும், நாலு மணி நேரத்தையும் தொடும். இங்க ஆண்கள் டோர்னமென்ட் நடந்த காலத்துல, 2008 செமிஃபைனல் ஞாபகம் இருக்கிறவங்க இருப்பீங்க, நடாலும் மோயாவும், ரெண்டு பேரும் மயோர்காத் தீவுக்காரங்க, ரெண்டு பேரும் சிநேகிதங்க. 6-7, 7-6, 7-6. மொத்தம் 3 மணி 54 நிமிஷம். நடால் மேட்ச் பாயின்ட்ட எல்லாம் காப்பாத்தி ஜெயிச்சாரு. அடுத்த நாள் ஃபைனல்ல யூஷ்னி அவர 6-0, 6-1ன்னு அடிச்சு உட்கார வெச்சுட்டாரு, நடாலுக்கு கால் நகரவே இல்ல. ஃபைனலுக்கு மட்டும் ஆசைப்பட்டு டிக்கெட் வாங்கினவங்க என்னடா இது உலகத்துல ரெண்டாம் நம்பர் ஆளு இப்படி ஆடுறாருன்னு நொந்து போனாங்க, முந்தின நாள் உட்கார்ந்து பாத்தவங்களுக்கு காரணம் தெரியும். அந்த வருஷம் நிஜமான டென்னிஸ் நடந்தது சனிக்கிழமை. எல்லா வருஷமும் அப்படின்னு சொல்ல மாட்டேன், 2012ல ராவ்னிச்சும் டிப்சாரெவிச்சும் ஆடின ஃபைனல் மூணு செட்டும் 6-6ன்னு சமமாகி டைபிரேக்குக்கு போச்சு, அந்த டோர்னமென்ட் முழுக்க ராவ்னிச் தான் சர்வ் போட்ட ஒரு கேம் கூட விட்டுக் கொடுக்கல. ஆனா ஃபைனல் ஒரு சூதாட்டம். ஞாயித்துக்கிழமை போனா சிங்கிள்ஸ் ஒண்ணு டபுள்ஸ் ஒண்ணு, ரெண்டும் சப்புன்னு முடிஞ்சா வீட்டுக்கு வந்து சீரியல் பாக்கலாம்.

திங்கள், செவ்வாய்ல போய்ப் பாருங்க. 32 பேர் ஆடுற டோர்னமென்ட்னா முதல் ரவுண்டு மட்டுமே 16 மேட்ச், கூட டபுள்ஸ், சென்டர் கோர்ட்ல ஒண்ணு ஓடும்போதே சைடு கோர்ட்டுங்கள்ல வேற வேற மேட்ச் ஓடிட்டு இருக்கும். அதுக்கும் முன்னாடி சனி ஞாயிறு குவாலிஃபையிங், அதுக்கு ஈ காக்கா இருக்காது. எனக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும். கம்பி வேலிய ஒட்டி நின்னா பிளேயருக்கும் நமக்கும் நடுவுல பத்தடி கூட இருக்காது. சர்வ் போடுறதுக்கு முன்னாடி மூணு நாலு பந்த வாங்கி, ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ரோமம் எழும்பின பந்த பின்னாடி தட்டி விட்டுட்டு வழுவழுன்னு இருக்கிறத எடுத்துக்குவாங்க, ஏன்னா ரோமம் சிலுத்துக்கிட்ட பந்து காத்துல மெதுவா போகும், முதல் சர்வுக்கு வழவழ பந்துதான் வேகம். ரெண்டாவது சர்வுக்கு சில பேரு வேணும்னே பழசு மாதிரி இருக்கிறத எடுப்பாங்க. முதல்ல 7 கேம், அதுக்கப்புறம் 9 கேமுக்கு ஒரு தடவை புதுப் பந்து வரும், அப்ப சர்வ் போடுற ஆளு பந்த தூக்கி எதிராளிக்கு காட்டுவாரு, புது பந்து பாத்துக்கோன்னு. டிவில அந்த நேரம் விளம்பரம் ஓடிட்டு இருக்கும்.

டிவில கேமரா பின்னாடி உசரத்துலேந்து பாக்குது, அதனால பந்து வலைக்கு மேல எவ்வளவு எழும்பி எப்படி விழுதுன்னு தெரியவே தெரியாது, எல்லாம் தட்டையா கேரம் போர்டு மாதிரி இருக்கும். நேர்ல போய் தரை மட்டத்துல நின்னாத்தான் டாப்ஸ்பின்னுன்னா என்னன்னு தெரியும். வெளிய போற மாதிரி கிளம்பின பந்து கடைசி நொடில குனிஞ்சு லைன்ல விழுந்து தோள் உசரத்துக்கு எகிறும். சத்தமும் டிவில வராது, நல்லா பட்ட ஷாட்டுக்கும் ஓரத்துல பட்ட ஷாட்டுக்கும் சத்தம் வேற, கொஞ்ச நேரம் நின்னா கண்ண மூடிட்டே சொல்லிடலாம். டபுள்ஸ் நேர்ல பாக்காம டபுள்ஸ் போர்னு யாரும் சொல்லக்கூடாது, வலைகிட்ட நாலு பேரும் நின்னு பந்து தரையில படாமலே அடிக்கிற வேகம் இருக்கே, எதுக்காக அந்தக் காலத்துல பயஸ் பூபதி ஆடுறப்ப இந்த ஸ்டேடியம் அப்படி ரொம்பி வழிஞ்சதுன்னு அப்ப புரியும். அவங்க இங்க 1997, 1998, 1999ன்னு தொடர்ந்து மூணு, அப்புறம் 2002, கடைசியா சண்டையெல்லாம் போட்டு திரும்ப சேர்ந்து 2011ன்னு டபுள்ஸ் பட்டம் வாங்கினாங்க.

முதல் நாட்கள்ல போறதுல இன்னொரு லாபம் இருக்கு. பெரிய ஆளா ஆகப் போறவங்கள ஆகுறதுக்கு முன்னாடியே பாக்கலாம். 2009ல சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டுல, அதாவது நடத்துறவங்க கொடுக்கிற நேரடி வாய்ப்புல, உள்ள வந்தாரு, முதல் நாள் யாரும் பெருசா கண்டுக்கல, அப்புறம் மோயாவ அடிச்சாரு, கார்லோவிச்ச அடிச்சாரு, ஃபைனல் வரைக்கும் போய் சிலிச்கிட்ட தோத்தாரு. 2014 ஜனவரில இங்க ஜெயிச்ச வாவ்ரிங்கா அதே மாசக் கடைசில ஆஸ்திரேலியன் ஓபனையே தூக்கிட்டாரு. 2022ல பெண்கள் டோர்னமென்ட் முதல் தடவையா இங்க நடந்தப்ப 17 வயசு செக் பொண்ணு லிண்டா ஃப்ருவிர்டோவா, ஃபைனல்ல முதல் செட்ட விட்டுட்டு மாக்டா லினெட்டுகிட்ட ஜெயிச்சா. அந்த வருஷம் டாப் சீடு யாருன்னு நினைக்கிறீங்க, அலிசன் ரிஸ்க் அமிர்தராஜ், நம்ம ஆனந்த் அமிர்தராஜோட மருமக. இது எவ்வளவு பேருக்குத் தெரியும்? சென்னை மருமக சென்னைல ஆடுறான்னு ஒரு வரி முந்தின நாள் வந்திருந்தா அந்த கேலரி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சென்னைல டென்னிஸ் பாக்க ஆளு இல்லன்னு சில பேரு சொல்றாங்க, எனக்கு கோவம் கோவமா வரும். 1997லேந்து 2017 வரைக்கும் வருஷா வருஷம் ஏடிபிங்கிற ஆண்கள் டோர்னமென்ட் நடந்த ஊரு இது. சுனாமி வந்த ஒரு வாரத்துல, 2005ல, மோயா இங்க வந்து ஆடி ஜெயிச்சு அந்தப் பரிசுப் பணத்த நிவாரணத்துக்கு கொடுத்துட்டுப் போனாரு. அன்னிலேந்து அவர இந்த ஊரு சொந்தப் பிள்ளையாத்தான் பாத்துச்சு, 2008 செமிஃபைனல்ல நடால் எவ்வளவு பெரிய ஸ்டாரா இருந்தாலும் மோயாவுக்கும் ஒரு பெரிய கூட்டம் கத்துச்சுன்னா அதுக்கு காரணம் அது. அப்புறம் டோர்னமென்ட் புனேக்குப் போச்சு, 2023க்கு அப்புறம் அங்கயும் இல்ல. ஏன் போச்சுங்கிற கதைக்குள்ள நான் போகல, அது ஸ்பான்சரு லைசென்ஸுன்னு பெரியவங்க விவகாரம். என் கைல இருக்கிறது டிக்கெட் வாங்கிப் போய் உக்காருறது, உங்க கைல இருக்கிறது போறவங்களுக்கு வழி சொல்றது.

வெளிநாட்டுல எப்படி நடக்குதுன்னா, விம்பிள்டன்ல க்யூன்னே ஒண்ணு இருக்கு. எங்க அக்கா பையன் லண்டன்ல படிச்சப்ப ராத்திரியே பார்க்குல டென்ட் போட்டு படுத்து, காலைல நம்பர் போட்ட கார்டு வாங்கிட்டு உள்ள போயிருக்கான். பெரிய கோர்ட்டுக்கு அன்னன்னிக்கு விக்கிறதுக்குன்னே ஐநூறு சீட்டு மாதிரி ஒதுக்கி வெச்சிருக்காங்க, மத்தவங்களுக்கு கிரவுண்ட் பாஸ், சைடு கோர்ட் எல்லாம் சுத்தலாம். அத விட எனக்குப் புடிச்சது ரீசேல். பெரிய கோர்ட் டிக்கெட்காரங்க சீக்கிரம் வீட்டுக்குப் போனா அந்த டிக்கெட்ட கொடுத்துட்டுப் போறாங்க, அத உள்ள இருக்கிறவங்களுக்கே குறைஞ்ச விலைக்கு வித்து பணத்த தர்மத்துக்கு கொடுக்குறாங்க, 1954லேந்து இப்படி நடக்குது. இங்க ஸ்பான்சர் பாக்ஸ் காலியா கெடக்க, காசு கொடுத்தவன் மேல் வரிசைல வெயில்ல வேகுற காட்சி எந்த ஊர் டோர்னமென்ட்டுக்குப் போனாலும் கண்ண உறுத்துது. நியூயார்க்ல யூஎஸ் ஓபன் குவாலிஃபையிங் வாரத்துக்கு டிக்கெட்டே கிடையாது, யாரு வேணா உள்ள போகலாம், ஸ்கூல் பசங்க கும்பல் கும்பலா வருவாங்க. நான் டீச்சரா இருந்தவ, ஒரு பஸ்ஸு, ரெண்டு டீச்சரு, நாப்பது பசங்க, குவாலிஃபையிங் நாள்ல இது ஒரு பெரிய காரியமே இல்ல, எந்த நாள்னு முன்கூட்டியே தெரிஞ்சா போதும்.

பெட்டிச் செய்தில இடம் மிச்சம் இருந்தா, எப்ப எழுந்து போகலாம்னு ஒரு வரி போடுங்க, புண்ணியமா போகும். பாயின்ட் நடக்கும்போது படில ஏறி இறங்கக் கூடாது, பிளேயருங்க சைடு மாறுற நேரத்துல, தொண்ணூறு செகண்ட் கிடைக்கும், அதுலதான் போகணும் வரணும். செட்டோட முதல் கேம் முடிஞ்சதும் சைடு மாறுவாங்க ஆனா உக்கார மாட்டாங்க, அத நம்பி எழுந்தீங்கன்னா பாதிப் படில மாட்டிக்குவீங்க. 2024லேந்து ஆஸ்திரேலியன் ஓபன்ல ஒவ்வொரு கேமுக்கு நடுவுலயும் ஜனங்கள உள்ள விடுறாங்க, சில பிளேயருங்க முணுமுணுத்தாங்க. என்னைக் கேட்டா நம்ம வெயிலுக்கு அதுதான் சரி, தண்ணி குடிக்கப் போனவங்க ரெண்டு கேம் வெளிய நிக்கிறது பாவம். அதே சமயம் செல்போன். செட் பாயின்ட்ல, ரெண்டாவது சர்வுக்கு பந்த தூக்கிப் போடுற நேரத்துல, எனக்கு முன்வரிசைல ஒருத்தர் பாக்கெட்லேந்து குத்துப்பாட்டு. அந்தப் பொண்ணு பந்த கைல புடிச்சுட்டு சிரிச்சுட்டா, அம்பயர் மைக்குல ப்ளீஸ்னாரு, இவரு போன எடுத்து "டென்னிஸ்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்"னு சொல்லிட்டுத்தான் வெச்சாரு! எதிராளி டபுள் ஃபால்ட் போட்டா கை தட்டுற பழக்கமும் நமக்கு இருக்கு, வெளிநாட்டுலயும் இருக்கு, ஆனாலும் நல்லா இல்ல.

எங்க உக்காரணும்னும் சொல்லலாம். பொதுவா கோர்ட்ட வடக்கு தெற்காத்தான் போடுவாங்க, ஆடுறவங்க கண்ணுல சூரியன் அடிக்கக் கூடாதுன்னு. அதனால மேற்குப் பக்கம் உக்காந்தா சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னாடி போயிடும், கிழக்குப் பக்கம் உக்காந்தா நேரா மூஞ்சில. கழுத்து வலிக்காம பாக்கணும்னா கோர்ட்டோட கடைசி முனைக்குப் பின்னாடி, கொஞ்சம் மேல. யாரு எங்க அடிக்கப் போறாங்கன்னு அங்கேந்துதான் தெரியும், பக்கவாட்டுல உக்காந்தா வேகம் தெரியும், தந்திரம் தெரியாது.

மழை ஒரு தொல்லைதான், ஒத்துக்குறேன். பெண்கள் டோர்னமென்ட் இப்ப அக்டோபர் கடைசில வருது, அது நம்ம மழைக் காலம், 2025லயும் ஆரம்ப நாட்கள்ல மழை ஆட்டத்த தள்ளிப் போட்டுச்சு, மழை வந்தா லிஸ்ட்டே தலைகீழா மாறும். மழை நின்ன அப்புறமும் உடனே ஆட முடியாது, கோர்ட்ல ரப்பர் கட்டைய வெச்சு தண்ணிய தள்ளிட்டு, அப்புறம் ஆளுங்க மண்டி போட்டு வெள்ளை லைன டவலால துடைப்பாங்க, பெயின்ட் மேல ஈரம் இருந்தா கால் வழுக்கிடும். ஒரு பக்கம் துடைச்சு முடிக்கும்போது இன்னொரு பக்கம் தூறல் விழும், கூட்டம் ஓன்னு கத்தும். "மழையால் மாறலாம்"னு பெட்டிக்கு அடில ஒரு வரி சின்ன எழுத்துல போட்டுட்டா யாரும் உங்கள கோச்சுக்க மாட்டாங்க.

பெரிய டோர்னமென்ட் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அதுக்கு ஒரு படி கீழ இருக்கிற சேலஞ்சர் டோர்னமென்ட் இதே ஸ்டேடியத்துலதான் நடக்குது. 2024 பிப்ரவரில சுமித் நாகல் இங்க சேலஞ்சர ஜெயிச்சுத்தான் உலக டாப் 100க்குள்ள முதல் தடவையா போனாரு, அதுவும் இந்தியாவுல, நம்ம ஊர்ல. அந்த வாரத்துக்கே போட ஆரம்பிங்க. வெளியூர்க்காரங்களுக்கு நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம்னும் சேர்த்துக்கோங்க, ராத்திரி மேட்சுக்குப் போறவங்க கடைசி லோக்கல் எத்தன மணிக்குன்னு பாத்து வெச்சுக்கணும். ஸ்போர்ட்ஸ் பக்கத்துல வலது பக்க மூலைல ஐபிஎல் பாயின்ட்ஸ் டேபிள் வர்ற இடம் இருக்கு பாருங்க, மத்த மாசங்கள்ல அங்க ஏதோ ஒரு வெளிநாட்டு கிளப் பயிற்சியாளர் ராஜினாமான்னு போட்டு ரொப்புறீங்க. அந்த இடம் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
பல வருஷ வாசகி, குரோம்பேட்டை